நிஜமாகவே சாதாரணமான ஒருவர் பெரிதாகச் சாதித்த கதை தெரிந்தால் சொல்லுங்கள்

கேள்வி: குரூப்4_மூன்றாம்முறை

போன ஞாயிறு எங்கள் வாலிபர் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு பேச்சாளர் வந்திருந்தார். "நான் சாதிக்கப் பிறந்தவன்" என்று எல்லோரையும் எழுந்து நின்று மூன்று தடவை சொல்ல வைத்தார். நானும் சொன்னேன். வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால் அதே தூக்கம்தான் வருகிறது.

வயது 26. குரூப் 4 இரண்டு முறை எழுதிவிட்டேன். இரண்டு முறையும் கிட்டத்தில் போய்த் தட்டிப்போனது. அப்பாவுக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் சின்னக் கடை. நான் அதில் வந்து உட்காரக் கூடாது என்பதில் அவர் பிடிவாதம்.

மேடையில் சொல்கிற "சாதாரண மனிதர்கள்" எல்லாம் விசாரித்துப் பார்த்தால் பிறவி மேதையாகவோ, கைதூக்கிவிட ஒரு பணக்கார மாமா உள்ளவராகவோ இருக்கிறார்கள். நம்மைப் போன்ற ஒருவர், ஆண்டவர்மேல் விசுவாசமும் தன்மேல் கொஞ்சம் நம்பிக்கையும் மட்டும் வைத்துக்கொண்டு எதையாவது செய்திருக்கிறாரா? ஒருநாளும் மனம் உடையாத ஆள் என்றால் எனக்கு வேண்டாம்.

பதில்: இரவுப்பணி நர்ஸ்

கிளாடிஸ் அயில்வார்டு. லண்டனில் வீட்டு வேலை செய்த பெண். படிப்பு ஏறவில்லை என்று மிஷன் பயிற்சியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். சம்பளத்தில் மிச்சம் பிடித்து டிக்கெட் எடுத்து, சைபீரியா வழியாக ரயிலிலேயே சீனாவுக்குப் புறப்பட்டார். 1940இல் போருக்கு நடுவே ஏறக்குறைய நூறு பிள்ளைகளை மலைப்பாதையில் நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

பதில்: பழைய அச்சுக்கோப்பாளன்

தம்பி, நான் 31 வருஷம் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவன். அதனால் எனக்கு நினைவுக்கு வருகிற ஆளும் அச்சகத்தோடு சம்பந்தப்பட்டவர்தான். வில்லியம் கேரி. போதகர்களான நம் ஐயர்மாரில் பலர் பட்டம் வாங்குவது கல்கத்தா பக்கத்துச் செராம்பூர் பெயரில் அல்லவா, அந்தக் கல்லூரியை 1818இல் தொடங்கிய மூவரில் ஒருவர்.

1761இல் இங்கிலாந்தில் ஒரு நெசவாளிக்குப் பிறந்தார். வெயில் பட்டால் தோல் ஒத்துக்கொள்ளாது, வயல் வேலைக்கு ஆகமாட்டான் என்று செருப்புத் தைக்கிற இடத்தில் சேர்த்துவிட்டார்கள். முதலாளியின் அலமாரியில் புதிய ஏற்பாட்டு விளக்கவுரை ஒன்று கிடந்தது. அதில் நடுநடுவே கிரேக்க வார்த்தைகள். படிக்கத் தெரியாது. அந்த எழுத்துகளைப் படம் வரைகிற மாதிரி அப்படியே பார்த்து எழுதி எடுத்துக்கொண்டு, கிரேக்கம் தெரிந்த ஒருவரிடம் போய் அர்த்தம் கேட்டிருக்கிறார். இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். நானும் ஆரம்பத்தில் இங்கிலீஷ் கல்யாணப் பத்திரிகைகளை அப்படித்தான் கோத்தேன், ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாமல்.

நீ தோற்றதைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவர் பிரசங்கியாராக வரலாமா என்று 1785இல் ஒரு சபையில் பிரசங்கம் பண்ண வைத்துப் பார்த்தார்கள். கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடம் வைத்தார், பிள்ளைகள் அடங்கவில்லை. நான் பள்ளியை நடத்தவில்லை, பிள்ளைகள்தான் என்னை நடத்தினார்கள் என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

1792இல் கெட்டரிங் என்ற ஊரில், ஒரு விதவையின் வீட்டில், சில போதகர்கள் கூடி மிஷன் சங்கம் ஆரம்பித்தார்கள். அன்றைக்குத் தருவதாக எழுதிக்கொடுத்த தொகை மொத்தம் 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்ஸ். அதை நம்பி அடுத்த வருஷம் கப்பலேறி 1793 நவம்பரில் வங்காளம் வந்து இறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மிஷனரி என்றாலே ஆகாது. பிழைப்புக்கு ஒரு அவுரித் தொழிற்சாலையில் மேலாளர் வேலை பார்த்தார். அங்கேதான் ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுக்கடுப்பில் இறந்தான். குழி வெட்டவும் தூக்கவும் ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. வந்து ஏழு வருஷம் கழித்து, 1800 டிசம்பரில்தான், அவர்கள் ஊழியத்தில் முதல் வங்காளி ஒருவர் ஞானஸ்நானம் பெற்றார். கிருஷ்ண பால் என்ற தச்சர்.

அந்த வருஷத் தொடக்கத்திலேயே செராம்பூருக்கு மாறியிருந்தார்கள். நம் தரங்கம்பாடி மாதிரி அதுவும் டேனிஷ்காரர் ஊர், கம்பெனியின் கை அங்கே நீளாது. அங்கே வார்டு என்று ஒரு அச்சுத்தொழிலாளி, மார்ஷ்மன் என்று ஒரு வாத்தியார். வங்காள எழுத்துகளுக்கு அச்சு வெட்டியவர் பஞ்சானன் கர்மகார், கொல்லர். செருப்புத் தைத்தவர், கொல்லர், அச்சுத்தொழிலாளி எல்லோரும் சேர்ந்து 1801இல் வங்காளப் புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். மேடைக்காரர்கள் கேரியை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எழுத்தில்லாமல் புத்தகம் வராது, எங்கள் ஆள் பஞ்சானனை நான் விடமாட்டேன்.

இனி அந்தத் தீ. 1812 மார்ச் 11, சாயங்காலம். காகிதம் வைத்திருந்த பக்கத்தில் பிடித்த நெருப்பு அச்சகம் முழுவதையும் எடுத்துக்கொண்டது. கேரி அன்று கல்கத்தாவில் இருந்தார். பல மொழிகளின் ஈய எழுத்துகள் உருகிக் கட்டியாகிவிட்டன. வருஷக்கணக்காக எழுதிவந்த அகராதியின் கையெழுத்துப் பிரதியும் போயிற்று. எழுத்தையாவது மறுபடி வார்க்கலாம், கையெழுத்துப் பிரதியை எப்படி வார்ப்பது?

எங்கள் அச்சகம் ஆஃப்செட்டுக்கு மாறியபோது எழுத்துகளைக் கேஸ் கேஸாகச் சாக்கில் கொட்டி எடைக்குப் போட்டார்கள். காய்லான் கடைக்காரர் தராசில் வைத்தபோது நான் வெளியே போய் நின்றுகொண்டேன். ஒரு "ழ" மட்டும் சட்டைப்பையில் வந்துவிட்டது, இன்னும் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் அதைத் தாத்தாவின் பல் என்கிறார்கள். என் இழப்பு இவ்வளவுதான், அதுவே ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. அவருடையதை நினைத்துப் பார்.

சாம்பலைக் கிளறியபோது எழுத்து வார்ப்பதற்கான எஃகு அச்சுகள் கெடாமல் கிடந்தன. அச்சு இயந்திரங்களும் தப்பின. உருகிய ஈயத்தை அள்ளி, அதிலிருந்தே மறுபடி எழுத்து வார்க்க ஆரம்பித்தார்கள். தீக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை கேரி பிரசங்கித்த வசனம், "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்." பிறகு போன கையெழுத்துப் பிரதிகளை எழுத உட்கார்ந்துவிட்டார்.

தன்னைப் பற்றி யாராவது எழுதினால் என்ன எழுத வேண்டும் என்று தம்பி மகனிடம் சொல்லியிருக்கிறார்: என்னால் விடாமல் நடக்க முடியும், அதற்கு மேல் சொன்னால் அதிகம். அவர் இங்கிலீஷில் சொன்னது, பாரத்தோடு ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து நடக்கிறவனைப் பற்றிச் சொல்கிற வார்த்தை. சாதிக்கப் பிறந்தவன் என்று அவர் எழுந்து நின்று சொன்னதாக நான் எங்கும் படிக்கவில்லை.

பதில்: மேரி டீச்சர், ஓய்வு

அண்ணாச்சி, அருமை. ஆனால் ஒருத்தியை விட்டுவிட்டீர்கள். டாரதி.

கேரிக்கு வாழ்க்கைப்பட்டபோது கையெழுத்துப் போடத் தெரியாமல் பதிவேட்டில் சிலுவைக்குறி போட்டவள். இந்தியாவுக்கு வரமாட்டேன் என்றாள், வயிற்றில் பிள்ளை. கப்பல் பயணம் தள்ளிப்போனதில் பிள்ளை பிறந்துவிட்டது, தங்கச்சியும் கூட வந்தால் வருகிறேன் என்று கடைசி நேரத்தில் சம்மதித்தாள். பீட்டர் போனபிறகு அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. பல வருஷம் அடைத்து வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். 1807இல் இறந்துபோனாள். பக்கத்து அறையில் அவள் கத்திக்கொண்டிருக்க இவர் மொழிபெயர்த்தார் என்பதை விசுவாசத்துக்கு அடையாளமாகப் பிரசங்கத்தில் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டால் வயிறு கலங்கும்.

தம்பி மனம் உடையாத ஆள் வேண்டாம் என்றார். உடைந்தது இந்த வீட்டில் யார் என்பதையும் அவர் தெரிந்துகொள்ளட்டும்.

பதில்: பழைய அச்சுக்கோப்பாளன்

சரிதான் டீச்சர். அதை எழுத வந்து விட்டுவிட்டேன், எழுதக் கூசியது. மறுக்க ஒன்றுமில்லை.

தம்பிக்கு இன்னொன்று. கேரி பெரிய ஆளான பிறகு, கவர்னர் ஜெனரல் வீட்டு விருந்தில் ஒரு அதிகாரி அவர் காதில் விழும்படி, இவர் முன்பு ஷூ தைக்கிறவர்தானே என்று கேட்டாராம். கேரி திரும்பி, "இல்லை ஐயா, ஷூ தைக்கிறவன்கூட இல்லை, பழைய செருப்புக்கு ஒட்டுப் போடுகிறவன்" என்றாராம். நம் ஊரில் அந்தத் தொழிலைச் சொல்லும்போது எப்படிக் குரல் தாழ்த்துவோம் என்று உனக்கே தெரியும்.

பதில்: குரூப்4_மூன்றாம்முறை

ஐயா, டீச்சர், இருவருக்கும் நன்றி. இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

முதல் பதிவில் சின்னக் கடை என்று எழுதியிருந்தேன். கடைகூட இல்லை. தார்ப்பாய்க்குக் கீழே ஒரு மரப்பெட்டி, குத்தூசி, பசை டப்பா. அப்பா அங்கே உட்கார்ந்து 22 வருஷமாகச் செருப்புத் தைக்கிறார். ஃபார்மில் தந்தை தொழில் என்ற இடத்தில் "சுயதொழில்" என்றுதான் நிரப்பியிருக்கிறேன்.

நேற்று ராத்திரி ஐயா எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கல்லூரி, அகராதி, கவர்னர் ஜெனரல் எதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. தீப்பிடித்த இடத்தில் "அடப்பாவமே" என்றார். டீச்சர் எழுதியதையும் வாசித்தேன், கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் விளக்கை அணைக்கப் போனபோது கேட்டார்:

"அந்த ஆளு போட்ட ஒட்டு நின்னுச்சாமா?"