புதுப்பிப்பு: காப்பிப் பழத்தோல் வினிகர், ஒருவழியாகப் புளித்தது

காப்பிப் பழத்தோலில் வினிகர் போட்டால் பூஞ்சைதான் பூக்கிறது என்று மியான்மரின் மேமியோவிலிருந்து புலம்பியிருந்தேனே, பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, முதலில் ஆல்கஹால், பிறகு வினிகர் என்ற இரண்டு கட்ட யோசனைதான். முதல் நாளே வாளியைத் திறந்துவைத்தது என் தப்பு. இந்த முறை பழம் உரித்த அன்றே தோலைப் பிழிந்து, சாற்றைக் கொதிக்கவிட்டு ஆற்றி, ஈஸ்ட் போட்டு லேசாக மூடினேன். சர்க்கரை ஆல்கஹாலாக மாற ஆறு நாள். நுரை அடங்கியதும் மண்டலேயிலிருந்து வந்த புளித்த பனங்கள் கால் பங்கு ஊற்றி, வாய்க்குத் துணி கட்டினேன். ஆல்கஹாலை வினிகராக்கும் அசெட்டிக் பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டுமாம். மூன்றாம் வாரம் மேலே வழவழவென்று ஓர் ஆடை. மறுபடியும் பூஞ்சை என்று கொட்டப் போனேன், அதுதான் வினிகர்த் தாய், அந்தப் பாக்டீரியா கட்டும் ஆடை!

ஒன்று, புளித்தாலும் தோலிலுள்ள கஃபீன் நீங்காது. அதனால் ஊறுகாய்க்கு வேண்டாம். கெட்டிலில் படிந்த சுண்ணாம்புக்கு அருமை.