1992 டொயோட்டா பிக்கப்: கதவுச் சாவித் துவாரத்தை அடைத்துவிடலாமா?

ஃப்ரீமான்ட்காரன்:
வணக்கம். என்னிடம் இருப்பது 1992 டொயோட்டா பிக்கப், எக்ஸ்ட்ராகேப், 22ஆர்இ இன்ஜின். மற்ற நாடுகளில் ஹைலக்ஸ் என்று ஓடுகிற அதே வண்டிதான். இன்ஜின் வேலை முடிந்தது, அடுத்து முழு பெயின்ட். அதற்கு முன்னால் இரண்டு கதவிலும் கைப்பிடிக்குக் கீழே இருக்கிற சாவித் துவாரத்தை எடுத்துவிட்டுத் தகட்டைச் சமமாக்க நினைக்கிறேன். ஓட்டுநர் பக்கத் துவாரத்தில் யாரோ ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகியிருக்கிறார்கள். சாவி உள்ளே போகிறது, ஆனால் திரும்ப மறுக்கிறது. சுற்றிலும் தகடு வேறு நசுங்கியிருக்கிறது.

80, 90களில் கலிபோர்னியாவின் மினி டிரக் ஆட்கள் கைப்பிடியையே வழித்தெடுத்துவிட்டு, ரிமோட்டில் கதவு 'டப்' என்று திறக்கிற மாதிரி செய்தார்கள். எனக்கு அவ்வளவு ஆசை இல்லை, கைப்பிடி இருக்கட்டும். இங்கே ஒரு பெயின்ட் கடையில் கேட்டால், "பட்டி வைத்து அடைத்துவிடலாம், ஒரு மணி நேர வேலை" என்கிறார்கள். நம்பலாமா? வண்டியில் பவர் லாக் கிடையாது, ரிமோட் கிட் வாங்கித்தான் போட வேண்டும்.

வெளிச்சாலை:
இரண்டையும் அடைக்காதீர்கள். பயணி பக்கத்தை மட்டும் மூடுங்கள், ஓட்டுநர் பக்கம் புது சிலிண்டர் (சாவி நுழைந்து திரும்புகிற பூட்டு உருளை) போடுங்கள். இப்போது வருகிற வண்டிகள் பலவற்றில் துவாரமே ஓட்டுநர் கதவில் மட்டும்தான். பார்ப்பவர்களுக்கு வித்தியாசம்கூடத் தெரியாது.

உக்கடம் டிங்கர்:
பட்டி மட்டும் வைத்து அடைக்கிற கடை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கோவை உக்கடத்தில் தகடு தட்டக் கற்றவன் நான், இப்போது சான் ஹோசே பக்கம் அதே வேலை. கதவு என்பது நாள் முழுக்க அடித்துச் சாத்தப்படுகிற சாமான். பின்னால் பிடிமானம் இல்லாத பட்டி அந்த அதிர்வில் ஓரம் விட்டுவிடும். கண்ணாடி வழியாக இறங்குகிற மழைத்தண்ணீர் பின்பக்கத்திலிருந்து ஊறி, ஒருநாள் பெயின்டோடு வட்டமாக உப்பிக்கொண்டு வரும்.

முறையான வேலை இது. கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் ஓரம் உரித்தால் கை போகும். சிலிண்டரிலிருந்து பூட்டுக்கு ஒரு ராடு போகும், அதை விடுவியுங்கள். சிலிண்டரைத் தகட்டோடு பிடித்திருப்பது லாட வடிவத்தில் ஒரு கிளிப், பக்கவாட்டில் இழுத்தால் வந்துவிடும். அது கதவுக்குள் விழுந்தால் தேடுவது பெரும்பாடு, ஒரு காந்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரைத் தூக்கிப் போடாதீர்கள். பிற்பாடு வண்டியை வாங்குகிறவன் கேட்பான்.

அப்புறம் அடைப்பு. இந்த மாதிரிக் கதவுத் தகடு ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர்தான் இருக்கும், சூடு தாங்காது. நசுங்கிய ஓரத்தை முதலில் தட்டி நிமிர்த்திவிட்டு, அதே கனத்தில் ஒரு வட்டத் தகடு வெட்டி, துவாரத்தில் இடைவெளி தெரியாமல் உட்கார வையுங்கள். தட்டையாக விடக் கூடாது. கதவுக்கு லேசான வளைவு உண்டு, அந்த வளைவுக்குத் தட்டிக்கொண்டால்தான் கறுப்பு பெயின்டில் அப்பளம் ஒட்டிய மாதிரித் தெரியாது. எதிரெதிரே ஒரு பொட்டு, ஆறவிட்டு இன்னொரு பொட்டு, இப்படித்தான் வெல்டிங். ஒரே கோடாக இழுத்தால் கதவே அலை அலையாக நெளிந்துவிடும். முக்கியமாக, கண்ணாடியையும் உள்ளே ஒட்டியிருக்கிற சத்தத் தடுப்பு அட்டையையும் மூடுங்கள். தீப்பொறி கண்ணாடியில் பட்டால் அந்தப் புள்ளி போகவே போகாது. தேய்த்த பிறகு மேலே மெல்லிசாகப் பட்டி, பிரைமர். உள்பக்கம் சீலரும் துரு தடுக்கும் மெழுகும் கட்டாயம்.

வெல்டிங் வேண்டாம் என்றால் பின்னால் ஒரு தகடு வைத்துப் பேனல் பசையில் ஒட்டலாம். சூடு இல்லை, நெளிவு இல்லை. ஆனால் வெயிலில் பசையும் தகடும் ஒரே அளவு விரியாது. அதனால் கொஞ்ச காலத்தில் ஒரு வளையம் மங்கலாகத் தெரியலாம். என் கதவு என்றால் வெல்டிங்தான்.

ஃப்ரீமான்ட்காரன்:
நன்றி அண்ணே, இவ்வளவு விவரமாக யாரும் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் அடைத்த பிறகு பேட்டரி உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது? பானட் திறக்கிற லிவரும் உள்ளேதானே இருக்கிறது?

உக்கடம் டிங்கர்:
அதனால்தான் எனக்கும் வெளிச்சாலை சொன்னதில் பாதி சம்மதம். பிடிவாதமாக இரண்டையும் மூடுவதென்றால் வண்டிக்கு வெளியே ஒரு மறைவான மின் இணைப்பு வேண்டும்.

வயர்க்காரன்:
இது என் ஏரியா. பலர் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு வயரை இழுத்து பம்பருக்குப் பின்னால் விட்டுவிடுகிறார்கள். செத்த பேட்டரி, நீங்கள் வெளியிலிருந்து கொடுக்கிற கரன்ட்டை எல்லாம் குடித்துவிடும், லாக்குக்கு மிஞ்சாது. அதற்குப் பதில் ரிமோட் யூனிட்டுக்கு வருகிற 12 வோல்ட்டை இரண்டு வழியாகக் கொடுங்கள். ஒன்று வண்டி பேட்டரி, இன்னொன்று வெளி வயர். ஒவ்வொரு வழியிலும் லாக் மோட்டார் இழுக்கிற ஆம்பியரைத் தாங்குகிற டயோடு ஒன்று, அது கரன்ட்டை ஒரே திசையில்தான் விடும். அப்போது வெளியே கொடுப்பது லாக் யூனிட்டுக்கு மட்டும்தான் போகும், 12 வோல்ட் சின்ன பேட்டரி ஒன்றே போதும். பேட்டரி பக்க வயரில், பேட்டரிக்கு ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள். மைனஸுக்குச் சேஸிஸ் போதும், பெயின்ட் படாத ஒரு போல்ட்டைப் பார்த்து வையுங்கள்.

ரிமோட்டில் இருக்கிற பட்டன் செல் தீர்ந்தால் இந்த வயரும் உதவாது, அதையும் நினைவில் வையுங்கள். இன்னொரு ரிமோட் வீட்டில் இருக்கட்டும்.

ஃப்ரீமான்ட்காரன்:
சரி, பயணி பக்கத்தை வெல்டிங் செய்து மூடுகிறேன். ஓட்டுநர் பக்கம் தகட்டை நிமிர்த்திப் புது சிலிண்டர். இக்னிஷனுக்கும் கதவுக்கும் ஒரே சாவியாக அமைத்துத் தருவார்களா?

உக்கடம் டிங்கர்:
பூட்டுக்காரரிடம் இக்னிஷன் சாவியையும் புது சிலிண்டரையும் கொடுங்கள். உள்ளே இருக்கிற வேஃபர்களை (சாவியின் வெட்டுக்கு ஏற்ப நகர்கிற சின்னத் தகடுகளை) மாற்றி, பழைய சாவிக்கே திறக்கிற மாதிரி அமைத்துத் தருவார். பெயின்டுக்கு முன்னால் ஒருமுறை மாட்டித் திருகிப் பார்த்துவிடுங்கள்.