பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில் தேனீ வளர்ப்பு: எந்த இனம், எத்தனை பெட்டி, எப்போது தொடங்குவது?

ஆனைமலையான் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஆனைமலை வட்டாரத்தில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. பெரும்பாலும் நெட்டை மரங்கள். வரப்போரத்தில் முருங்கையும் சில புளிய மரங்களும், வேலியோரத்தில் வேம்பும் புங்கனும் நிற்கின்றன. கிழக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் தக்காளியும் மக்காச்சோளமும் மாற்றி மாற்றிப் போடுகிறார், மருந்தும் அடிக்கிறார். ஓலையில் சாறு உறிஞ்சுகிற சுருள் வெள்ளை ஈ வந்ததிலிருந்து எங்கள் மரங்களில் காய்ப்பு குறைந்துவிட்டது. குரும்பை பிடிப்பதற்குத் தேனீ உதவும் என்று பலரும் சொல்வதால், அந்த நோக்கத்தோடுதான் இதில் இறங்க நினைக்கிறேன். வீட்டுக்குத் தேன் கிடைத்தால் மகிழ்ச்சி.

இத்தாலியத் தேனீ என்று சொல்லி, ஈக்களோடு பத்துப் பெட்டிகளை இந்த வாரமே கொண்டுவந்து இறக்குவதாக ஒருவர் கூறுகிறார். ஒரு பெட்டிக்கு ஆண்டில் 40 கிலோ தேன் உறுதி என்பது அவர் பேச்சு. இப்போது வைகாசி, மழை தொடங்கும் நேரம். எந்த இனத்தை எடுப்பது, எத்தனை பெட்டியில் தொடங்குவது, இப்போதே தொடங்கலாமா என்பவை என் கேள்விகள். தோப்புக்குள்ளேயே வீடு இருக்கிறது. வயதான அம்மாவும் சிறு குழந்தையும் மாடுகளும் இருப்பதால், கொட்டுவதைப் பற்றியும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

குழித்துறைவாசி எழுதியது:

வணக்கம். முதலில் அந்தப் பத்துப் பெட்டிகளை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விற்பவர் நல்லவரா கெட்டவரா என்பது பற்றி எனக்குக் கருத்து இல்லை; பருவம் சரியில்லை. தென்மேற்கு மழைக் காலத்தில் பூ குறைவு, காற்றும் சாரலும் அதிகம், ஈக்கள் வெளியே போக முடியாத நாள்கள் பல. அந்த மாதங்களில் கூட்டத்தை உயிரோடு காப்பாற்றுவதே அனுபவப்பட்டவர்களுக்கும் பெரிய வேலை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்கிற சமயத்தில் கூட்டத்தை வாங்கி வைத்தால், அது பெருகி வலுப்பெறும்போது முருங்கையும் வேம்பும் புங்கனும் புளியும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூத்து வரும். தென்னையில் ஆண்டு முழுவதும் பாளை வெடித்துக்கொண்டே இருப்பதால் மகரந்தத்துக்கு உங்களுக்குக் குறைவே வராது. தேன் வரத்துக்குத்தான் மற்ற மரங்களை நம்ப வேண்டும்.

இனம் என்று கேட்டால், ஓரிடத்தில் இருந்து வளர்க்கப் போகிறவருக்கு நம் நாட்டின் அடுக்குத் தேனீயையே, அதாவது இந்தியத் தேனீயையே சொல்வேன். மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் பல அடைகளை அடுக்கடுக்காகக் கட்டி வாழ்கிற ஈ இது. இருட்டில் கூடு கட்டுகிற வழக்கம் இருப்பதால்தான் பெட்டிக்குள் அடங்கி இருக்கிறது. மலைத் தேனீயும் கொம்புத் தேனீயும் வெளிச்சத்தில் ஒற்றை அடை கட்டுபவை. அவற்றைப் பெட்டியில் வைத்து வளர்க்க முடியாது. கன்னியாகுமரி மாவட்டத்தில் 1924ஆம் ஆண்டு வாக்கில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் ஸ்பென்சர் ஹாட்ச் பயிற்சி தொடங்கிய காலத்திலிருந்து வீட்டுக்கு வீடு வளர்த்தது இந்த ஈதான். இதற்கென்றே அருட்தந்தை நியூட்டன் வடிவமைத்த சிறிய பெட்டி இன்றைக்கும் எங்கள் பக்கம் புழக்கத்தில் இருக்கிறது. 1991, 1992இல் தாய்லாந்து பைப்புழு நோய் என்ற வைரசு நோய் வந்து தென்னிந்தியாவில் பெரும்பாலான கூட்டங்களை அழித்தது உண்மை. தாக்குப்பிடித்த கூட்டங்களிலிருந்து பெருகியவைதான் இப்போது எங்களிடம் இருப்பவை. நோய் முற்றாக ஒழியவில்லை என்பதால், வாங்கும்போது புழுக்களைப் பார்த்து வாங்க வேண்டும்.

தேன் அளவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நன்றாகப் பராமரித்த அடுக்குத் தேனீப் பெட்டியில் ஆண்டுக்கு 5 முதல் 10 கிலோ கிடைக்கலாம். எங்கள் பக்கம் கூடுதலாகக் கிடைக்கிறது என்றால், தை, மாசியில் ரப்பர் மரம் துளிர்க்கும்போது இளம் இலைக்காம்பில் சுரக்கிற இனிப்பு நீர்தான் காரணம்; அது உங்களுக்கு இல்லை. முதல் ஆண்டில் தேனையே எதிர்பார்க்காமல் இருப்பது நல்லது.

இரண்டு பெட்டிகளில் தொடங்குங்கள். ஒன்று மட்டும் இருந்தால், அது நன்றாக இருக்கிறதா, சோர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை. இரண்டு இருந்தால், ஒன்றில் இராணி இறந்துபோனாலும் மற்றதிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை, அதாவது அடை கட்டியிருக்கிற மரச் சட்டத்தை, எடுத்து வைத்துவிடலாம். ஈக்களே புதிய இராணியை வளர்த்துக்கொள்ளும்.

அடுக்குத் தேனீயின் ஒரே பெரிய குணக்கேடு, பிடிக்காவிட்டால் பெட்டியை விட்டு மொத்தமாக ஓடிப்போவது. இந்தத் தொழிலில் பாதிக்கு மேல், அதற்குக் காரணம் வராமல் பார்த்துக்கொள்வதுதான். பசி, எறும்பு, மெழுகு அந்துப்பூச்சி, உச்சிவெயில், அடிக்கடி திறந்து பார்க்கிற ஆர்வம் ஆகிய ஐந்தும்தான் பெரும்பாலும் காரணங்களாக இருக்கின்றன. கடைசியாகச் சொன்னது புதியவர்களுக்கே உரியது. பெட்டியைத் தாங்கியின்மேல் வைத்து, கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். கிண்ணத்தில் ஒரு தென்னங்கீற்று விழுந்து பாலமாகக் கிடந்தாலும் எறும்பு ஏறிவிடும் என்பதால் தினமும் ஒரு பார்வை வேண்டும். பூ இல்லாத காலத்தில் சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்து காய்ச்சி ஆறவைத்த பாகை, ஈக்கள் மூழ்காமல் நின்று குடிக்கச் சில குச்சிகள் போட்ட சிரட்டையில் ஊற்றி, மாலை மங்கிய பிறகு பெட்டிக்குள் வையுங்கள். பகலில் வைத்தாலோ வெளியே சிந்தினாலோ பக்கத்துப் பெட்டி ஈக்கள் கொள்ளையடிக்க வந்துவிடும். தேன் சேர்வதற்கான மேல் பெட்டியை, அதாவது தேன் அறையை, ஏற்றிய பிறகு பாகு கொடுக்கவே கூடாது; கொடுத்தால் நீங்கள் எடுப்பது தேன் ஆகாது.

சூரியகாந்தி எழுதியது:

நான் இத்தாலியத் தேனீ வைத்திருப்பவன். எனவே அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 40 கிலோ என்பது பொய்யான கணக்கு இல்லை. ஆனால் அது பெட்டிகளை லாரியில் ஏற்றி, ரப்பருக்கு ஓர் இடம், கொத்தமல்லிக்கு ஓர் இடம், எள்ளுக்கும் சூரியகாந்திக்கும் வேறோர் இடம் என்று பூவைத் தேடி அலைபவர்களின் கணக்கு. ஒரே தோப்பில் நிறுத்திவிட்டு அந்தக் கணக்கை எதிர்பார்க்க முடியாது. பெரிய கூட்டம் என்பதால் பஞ்ச காலத்தில் அது தின்கிற சர்க்கரையும் அதிகம். தேனீயின் உடம்பில் ஒட்டி உறிஞ்சுகிற வர்ரோவா உண்ணித் தொல்லையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுக்குத் தேனீயிடம் அந்த உண்ணி பெரும்பாலும் ஆண் ஈக்களின் புழு அறைகளில்தான் பெருகும். இத்தாலியத் தேனீயிடம் வேலைக்கார ஈக்களின் அறைகளிலும் பெருகுவதால், கவனிக்காமல் விட்ட கூட்டம் அழிந்தே போகும்.

மூன்று ஏக்கருக்கும் மகரந்தச் சேர்க்கைக்கும் குழித்துறை ஐயா சொல்வதே பொருத்தம். நெட்டைத் தென்னையில் ஒரு பாளையின் ஆண் பூக்கள் விரிந்து உதிர்ந்த பிறகுதான் அதே பாளையின் பெண் பூக்கள் பக்குவமாகின்றன. எனவே மகரந்தம் பெரும்பாலும் வேறு மரத்திலிருந்து வந்தாக வேண்டும். அந்த வேலையைக் காற்றோடு சேர்ந்து ஈக்களும் செய்கின்றன. ஆனால் உங்கள் காய்ப்பு குறைந்ததற்கு வெள்ளை ஈயும் அதன் கழிவில் படர்கிற கரும்பூசணமும் தண்ணீர், உரக் குறைவும் காரணமாக இருந்தால், தேனீ அதை ஈடுசெய்யாது.

மருந்து விஷயத்தில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். வெள்ளை ஈக்காக நீங்கள் பூச்சிக்கொல்லி அடித்தால், அந்த ஈயை அழிக்கிற என்கார்சியா குளவியும் சாகும், உங்கள் தேனீயும் சாகும். ஓலையின் அடிப்புறத்தில் விசையோடு தண்ணீர் பீய்ச்சுவதும் மஞ்சள் ஒட்டும்பொறி கட்டுவதுமே போதும். வேர் வழியாகக் கட்டுகிற மருந்து மரம் முழுவதும் பரவக்கூடியது என்பதால், தேனீ வைத்த தோப்பில் அதையும் தவிர்ப்பதே நல்லது. பக்கத்துத் தோட்டக்காரரிடம் சண்டை வேண்டாம். தக்காளிக்கு அடிப்பதை மாலையில் அடிக்கவும், முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லவும் கேட்டுக்கொள்ளுங்கள். தேன் எடுத்ததும் முதல் பாட்டில் அவர் வீட்டுக்குப் போகட்டும்.

மருந்தாளுநர் எழுதியது:

கொட்டுவது பற்றி மட்டும் எழுதுகிறேன். கொட்டிய இடத்தில் கொடுக்கு தங்கிவிடும். அதோடு ஒட்டிய நஞ்சுப் பை சிறிது நேரம் நஞ்சை இறக்கிக்கொண்டே இருப்பதால், எந்த வழியிலாவது உடனே அகற்றுவதுதான் முக்கியம். வீக்கமும் எரிச்சலும் ஓரிரு நாள் இருப்பது இயல்பு. கொட்டிய இடத்துக்கு அப்பால் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கைவைத்தியம் எதுவும் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டில் யாருக்காவது முன்பு அப்படி நேர்ந்திருந்தால், பெட்டி வாங்குவதற்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள்.

ஆனைமலையான் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. வீட்டில் யாருக்கும் ஒவ்வாமை இல்லை என்று தெரிகிறது. ஆனாலும் அம்மாவுக்காக ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். பத்துப் பெட்டி வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். குழித்துறை ஐயாவிடம் இன்னும் இரண்டு கேள்விகள்: மழைக்குப் பிறகு வாங்கப் போகும்போது பெட்டிக்குள் எதைப் பார்க்க வேண்டும்? கொண்டுவந்து எங்கே வைப்பது?

குழித்துறைவாசி எழுதியது:

அதற்குள் ஒரு வேலை செய்துவிடுங்கள். கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை தேனீ வளர்ப்புக்கு ஒருநாள் பயிற்சி நடத்துகிறது, உங்களுக்குப் பக்கம்தான். தேதியைக் கேட்டுக்கொண்டு போய்வாருங்கள். சட்டத்தைக் கையில் பிடித்துப் பழகாமல் வாங்கப் போகாதீர்கள்.

வெயில் ஏறிய காலை நேரத்தில் போங்கள். திறப்பதற்கு முன் வாசலைப் பாருங்கள்: கால்களில் மஞ்சள் நிற மகரந்த உருண்டையோடு ஈக்கள் இறங்கினால் உள்ளே புழு வளர்கிறது என்று பொருள். பிறகு ஒரு சட்டத்தை நேராக மேலே தூக்கி, பெட்டிக்கு மேலாகவே பிடித்து, வெயில் உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து அறைகளுக்குள் விழும்படி நில்லுங்கள். அறையின் அடியில் நூல் துண்டுபோல் வெள்ளையாக ஒன்று நிற்பதுதான் முட்டை; அது அறைக்கு ஒன்றாகத் தெரிந்தால் இராணியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டைகள் தாறுமாறாகக் கிடப்பது பரவலாகத் தெரிந்தால், இராணி இல்லாமல் வேலைக்கார ஈக்கள் முட்டையிடுகின்றன. அந்தப் பெட்டி வேண்டாம். நல்ல புழு வெண்மையாகப் பளபளத்து, வளைந்து படுத்திருக்கும். பைப்புழு நோய் கண்டது அறையில் நீளவாக்கில் மல்லாந்து, தலைப்பக்கம் மேலே தூக்கிக் கிடக்கும்; ஊசியால் எடுத்தால் நீர் நிறைந்த பைபோல் தொங்கும். அப்படி ஒன்றைக் கண்டாலும் அந்த இடத்திலிருந்தே வாங்காதீர்கள். மூடிய அறைகளில் சிலவற்றின் நடுவே ஊசித் துளை இருப்பதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். அவை ஆண் ஈக்களின் அறைகள், அடுக்குத் தேனீயில் அப்படித்தான் இருக்கும்.

இருட்டிய பிறகு வாசலை வலையால் அடைத்துக் கொண்டுவந்து, விடிவதற்கு முன் நிரந்தரமான இடத்தில் வைத்துத் திறந்துவிடுங்கள். ஈ அந்த இடத்தை மனத்தில் பதித்துக்கொண்ட பிறகு, பத்தடி தள்ளி வைத்தாலும் பழைய இடத்துக்கே திரும்பி வந்து தவிக்கும். ஆகவே முதலிலேயே யோசித்து வையுங்கள். காலை இளவெயிலும் நண்பகல் நிழலும் விழுகிற இடம் ஏற்றது. உங்களுக்குத் தோப்பு என்பதால், மட்டையோ நெற்றோ தலையில் விழாத இடமா என்று மேலேயும் பார்க்க வேண்டும். வாசல் வீட்டையும் மாட்டுத் தொழுவத்தையும் நடைபாதையையும் நோக்காமல், ஆள் நடமாட்டமில்லாத பக்கம் பார்க்கட்டும். பக்கத்தில் கூழாங்கல் போட்ட ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைத்துவிட்டால், ஈக்கள் மாட்டுத் தொட்டிக்கு வருவது குறையும்.

முதல் வாரம் திறக்காதீர்கள். அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை, மழையில்லாத காலை நேரத்தில் பார்த்தால் போதும். கூட்டம் பெருகுகிற மாதங்களில் மட்டும் இந்த வாரக் கணக்கைத் தவறவிடக் கூடாது. முட்டையிட்ட எட்டாம் நாள் வாக்கில், புதிய இராணி வளர்கிற இராணி அறை மூடப்பட்டுவிடும். அதையொட்டிப் பழைய இராணி பாதி ஈக்களோடு கிளம்பிவிடும். சட்டங்களின் அடிவிளிம்பில் கீழ்நோக்கித் தொங்குகிற இராணி அறை தென்பட்டால் இங்கே எழுதுங்கள்; அந்தக் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து மூன்றாவது பெட்டி ஆக்கும் முறையை அப்போது சொல்கிறேன்.