பாட்டியைப் பார்த்துக்கொள்வது ஜிடிபியில் சேருமா?

வளர்மதி, தேனி:
படுத்த படுக்கையாக இருக்கும் பாட்டியை இதுவரை அம்மாதான் பார்த்துக்கொண்டார். அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டதால் இப்போது ஒரு அக்காவைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறோம். அதே கஞ்சி, அதே குளிப்பாட்டல். அக்கா செய்தால் நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பான ஜிடிபியில் சேரும், அம்மா செய்தால் சேராது என்று வகுப்பில் சொன்னார்கள். நிஜமாகவா?

கணக்கெடுப்புக்காரர்:
நிஜம்தான் வளர்மதிம்மா. வீட்டுச் சாப்பாட்டுக்கென்று விளைவிக்கும் நெல்லுக்கு மதிப்புப் போட்டு ஜிடிபியில் சேர்க்கிறார்கள். அதை வடித்துப் பரிமாறுவது சேராது. சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குக்கூட வாடகை வருவதாகப் பாவித்து ஒரு தொகை சேர்கிறது! 1934-லேயே சைமன் குஸ்நெட்ஸ் என்ற பொருளியல் அறிஞர் நாட்டு வருமானம் பற்றி அமெரிக்கக் காங்கிரசுக்குத் (நாடாளுமன்றத்துக்கு) தந்த அறிக்கையில், இல்லத்தரசிகளின் வேலையைச் சேர்க்கவில்லை என்று எழுதியே வைத்தார்.

2019-ல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போனேன். முதல் நாள் காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரை அரைமணி அரைமணியாகக் கேட்க வேண்டும். "வேலைக்கெல்லாம் போகலைங்க" என்று ஆரம்பித்த பெண்களிடம் சொல்லச் சொல்ல எழுதினால் படிவத்தில் காலி இடமே இருக்காது. அகில இந்திய அளவில், சம்பளமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97. முதியோர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் இல்லை, அது தனி.

சரவணன்:
நியாயம்தான் ஐயா. ஆனால் யாரும் பணம் கொடுக்காத வேலைக்கு எப்படி விலை போடுவது? அதையும் கலந்துவிட்டால் வேலைவாய்ப்பு, வரி வருமானம் எதையுமே ஜிடிபியை வைத்துக் கணிக்க முடியாதே.

நசீமா:
மகளிர் உரிமைத்தொகை மாதம் 1000 ரூபாய் வருகிறதே, அது இந்த வேலைக்கான மதிப்புதானே? அதுவாவது ஜிடிபியில் வருமா?

கணக்கெடுப்புக்காரர்:
வராதும்மா. வீட்டுவேலைக்கான அங்கீகாரம் என்று அரசு சொன்னாலும், கணக்கில் அது அரசிடமிருந்து வீட்டுக்குக் கைமாறும் பணம் மட்டுமே. அந்தப் பணத்தில் வாங்கும் பொருளும் சேவையும்தான் உற்பத்தியில் வரும்.

சரவணன், கலக்க வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. பக்கத்தில் தனிக் கணக்காகப் போடலாம், பிரிட்டன் புள்ளியியல் அலுவலகம் போட்டிருக்கிறது. விலைக்கும் வழி உண்டு: அதே வேலைக்கு ஆள் வைத்தால் என்ன கூலி என்று பார்த்து நேரத்தால் பெருக்குவது. வளர்மதி வீட்டில் அந்தத் தொகையை இப்போது மாதாமாதம் எண்ணிக் கொடுக்கிறார்களே. நேரக் கணக்கும் கையில் இருக்கிறது, 2024-லும் எடுத்தாயிற்று. இனியும் போடாமல் இருப்பதற்குக் காரணம் எனக்குப் புரியவில்லை.