நான்கு நாள் யாரோடும் பேசவில்லை என்று தெரிந்தபோது: கோ-வொர்க்கிங் அனுபவங்கள்

பெரியார் நகர், சென்னை (மென்பொருள் கையேடுகள் எழுதுபவர்):

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வீட்டுக்குக் கொண்டுவந்த மடிக்கணினி மறுபடி அலுவலகத்துக்குப் போகவே இல்லை. எங்கள் நிறுவனம் சென்னையில் வாடகைக்கு எடுத்திருந்த தளத்தைக் காலி செய்துவிட்டு, எங்களை நிரந்தரமாக வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டது. முதல் இரண்டு ஆண்டுகள் அதை நான் பெரும் வசதியாகவே எண்ணினேன்; பழைய மாமல்லபுரம் சாலைக்குப் போய்வர நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் செலவழித்தவனுக்கு அந்த நேரம் கையில் கிடைத்தால் வேறு எப்படித் தோன்றும்?

தங்கையின் பிரசவத்துக்காக அம்மா மதுரைக்குச் சென்றிருந்த ஒரு வியாழக்கிழமை, எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்தவர் கைபேசிக்கு வந்திருக்கும் எண்ணைச் சொல்லும்படி கேட்டார். வாயைத் திறந்தேன், தொண்டை அடைத்துக்கொண்டு காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு எண்ணைச் சொல்லி அவரை அனுப்பிய பிறகு யோசித்துப் பார்த்தால், ஞாயிறு இரவு அம்மாவோடு தொலைபேசியில் பேசியதற்குப் பின் நான் எவரிடமும் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. எங்கள் குழுவினர் வெவ்வேறு நாடுகளில் இருப்பதால் உரையாடல் முழுவதும் எழுத்திலேயே நடக்கிறது; மளிகையும் மருந்தும் வாசலில் வைக்கப்பட்டுவிடுகின்றன.

இதை வெளியே சொல்ல நீண்ட நாள் வெட்கப்பட்டேன். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை கூறியது. அதைப் படித்த பிறகே இங்கே எழுதத் துணிந்தேன்.

நான் முதலில் சேர்ந்தது ஒரு தனியார் கோ-வொர்க்கிங் தளம்; அதாவது வெவ்வேறு வேலை செய்பவர்கள் கட்டணம் கட்டி ஒரே கூடத்தில் அமர்ந்து வேலை செய்யும் பகிர்ந்த பணியிடம். அங்கே இருக்கை நாளுக்கு நாள் மாறும். வருவோர் அனைவரின் காதிலும் ஹெட்போன் இருக்கும். மதிய உணவை அவரவர் மேசையிலேயே முடித்துக்கொள்வார்கள். ஒரு மாதத்துக்குப் பின் நான் நின்றுவிட்டதை அங்கே ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள், ஏனெனில் நான் வந்ததையும் எவரும் கவனித்திருக்கவில்லை. ஆட்கள் நிறைந்த அறையில் உட்கார்ந்தால் மட்டும் தனிமை தீராது என்பதை அங்கே வருத்தத்தோடு தெரிந்துகொண்டேன்.

கொளத்தூரில் 2024 நவம்பரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம் என்ற அரசுப் பகிர்ந்த பணியிடத்துக்குப் போகத் தொடங்கியது அதன் பிறகுதான். பணியிடப் பகுதியில் 38 பேர் உட்காரலாம். திறக்கப்பட்டபோது அரை நாளுக்கு 50 ரூபாய், முழு நாளுக்கு 100 ரூபாய், மாதத்துக்கு 2,500 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். போட்டித் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கான கற்றல் மையமும் அதே கட்டடத்தில் இருக்கிறது. கட்டணம் குறைவு என்பதால்தான் போனேன். தொடர்ந்து போனதற்குக் காரணம் சாப்பாட்டு வேளை. வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருபவர்களே அதிகம் என்பதால், ஒரு மணி அளவில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் எழுந்து போவோம். எனக்கு எதிரே உட்காருபவர் சிறு கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்பவர். முதல் இரண்டு வாரங்கள் எங்களுக்குள் நடந்த பேச்சு, பிளக் பாயின்ட் வேலை செய்கிறதா என்பதும், ஊறுகாய் வேண்டுமா என்பதும் மட்டுமே.

பிறகு காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் போய் உட்கார்ந்ததும் அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "என்ன சார், ரெண்டு நாளா ஆளையே காணோம்?" என்றார். வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த ஒரு கேள்வியையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய ஊரோ வீடோ எனக்குத் தெரியாது. இன்றுவரை நாங்கள் நண்பர்களும் அல்லர். இருந்தும், நான் வராததை ஒருவர் கணக்கில் வைத்திருந்தார்.

இத்தகைய மெல்லிய பழக்கங்களின் பயனைப் பற்றி ஆய்வாளர்கள் நெடுங்காலமாக எழுதிவருகிறார்கள். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை, வேலை போன்ற செய்திகள் நெருங்கியவர்களைவிட இலேசான அறிமுகங்கள் வழியாகவே நம்மை வந்தடையும் என்பதை விளக்கியது. கனடாவில் கில்லியன் சாண்ட்ஸ்ட்ராமும் எலிசபெத் டன்னும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வகுப்பில் வழக்கத்தைவிடக் கூடுதலான பேரோடு பேசிய நாட்களில் மாணவர்களுக்கு மகிழ்ச்சியும், தாமும் அந்த இடத்தைச் சேர்ந்தவர் என்ற உணர்வும் கூடுதலாக இருந்தன. வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு மனைவியோ தாயோ நண்பரோ இருக்கலாம். முதலில் அற்றுப்போவது இந்த இலேசான அறிமுகங்கள்தாம்.

பிராட் நியூபெர்க் என்ற நிரலாளர் 2005இல் சான் பிரான்சிஸ்கோவில் கோ-வொர்க்கிங் என்ற பெயரில் இடம் திறந்தபோது, அது வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டுமே இயங்கியது. முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. சுதந்திரமாக வேலை செய்ய வேண்டும், அதே சமயம் கூட ஆட்களும் இருக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். ஆகவே சேர்ந்து உண்பதை அன்றே அந்த ஏற்பாட்டின் பகுதியாக வைத்திருந்தார். பின்னாளில் பலர் மேசையையும் இணையத்தையும் விற்றுவிட்டுச் சாப்பாட்டு வேளையை மறந்தது பெரும் இழப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

திருச்சி (மெடிக்கல் கோடிங்):

நீங்கள் சொல்வதை என் வேலையில் அப்படியே செய்ய முடியாது. நாங்கள் அமெரிக்க நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகளைப் படித்துக் குறியீடு இடுகிறோம். அந்நாட்டின் 1996ஆம் ஆண்டு ஹிப்பா சட்டம் நோயாளியின் விவரங்களைக் காப்பதில் மிகக் கண்டிப்பானது என்பதால், பிறர் கண்ணில் திரை படும் இடத்தில் கணினியைத் திறக்கவே எங்கள் நிறுவனம் அனுமதிப்பதில்லை.

என் தனிமை உங்களுடையதைப் போன்றதும் அன்று. மாமனார், மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள் என வீடு நிறைய ஆட்கள் இருக்கிறோம். நான் வீட்டில் இருப்பதால் வேலையில் இல்லை என்றே எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். குக்கர் விசில் எண்ணுவது முதல் கூரியர் வாங்குவது வரை என் பொறுப்பு. அன்றைய இலக்கை எட்ட நான் பட்ட பாட்டைச் சொன்னால் புரிந்துகொள்ள அந்த வீட்டில் ஒருவரும் இல்லை. அலுவலகத்தில் இருந்தபோது பக்கத்து இருக்கைத் தோழி என் முகத்தைப் பார்த்தே, "இன்னிக்கு சார்ட் எல்லாம் மோசமா?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்காக எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன்.

அடுத்த நிலைச் சான்றிதழ் தேர்வுக்குப் படிப்பதற்காக வாரத்தில் இரண்டு மாலைகள் ஒரு பகிர்ந்த பணியிடத்தில் அரை நாள் இருக்கை எடுத்திருக்கிறேன். வேலைக் கணினி வீட்டிலேயே இருக்கும். புத்தகத்தை மட்டும் எடுத்துச் செல்வேன். அங்கே துப்புரவுப் பணி செய்யும் அக்கா எனக்குச் சர்க்கரை குறைவான தேநீர் என்பதை மூன்றாம் முறையே நினைவில் வைத்திருந்தார். ஒரு நாள், "படிச்சது போதும் கண்ணு, முகமே வாடிப்போச்சு, எந்திரிச்சுக் கொஞ்சம் நட" என்று அதட்டினார். வீட்டில் எல்லோருக்கும் தேநீர் போடுபவளுக்கு, தன் பக்குவம் அறிந்து ஒருவர் தேநீர் தருவது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை இதைப் படிக்கும் பெண்கள் அறிவார்கள்.

அயனாவரம், சென்னை (இரவுப் பணி, வாடிக்கையாளர் உதவி):

எனக்கு வேலை மாலை ஏழு முதல் அதிகாலை நான்கு வரை. என் கைக்கு எட்டும் கட்டணத்தில் உள்ள இடங்கள் எல்லாம் நான் கணினியைத் திறக்கும் நேரத்தில் கதவடைத்துவிடுகின்றன. விடிகாலை தேநீர்க் கடைக்காரரோடு பேசுவதுதான் என் அன்றாடப் பேச்சு. இரவில் விழித்திருப்பவர்களையும் நினைத்து இத்தகைய இடங்களை யாராவது அமைக்க வேண்டும்.

தென்காசி (கணக்குப் பதிவு):

எங்கள் ஊரில் பழைய வகுப்புத் தோழர்கள் மூவர் வீட்டிலிருந்தே வேலை செய்வதை ஒரு கோயில் கொடையின்போதுதான் தற்செயலாகத் தெரிந்துகொண்டோம். இப்போது வாரத்தில் மூன்று நாட்கள் ஒருவர் வீட்டு மச்சில் கூடுகிறோம். ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஹாஃபிஸ் என்ற பெயரில் இப்படி வீட்டுக் கூடத்தைப் பிறருக்குத் திறந்துவிடும் வழக்கம் தொடங்கியதாகப் படித்தேன். அங்கே 45 நிமிடம் பேசாமல் வேலை, பிறகு சிறு இடைவேளை, அப்போது அடுத்து என்ன முடிக்கப்போகிறோம் என்பதை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அதை அப்படியே பின்பற்றுகிறோம். மின்தடை வந்தால் மூவரும் திண்ணைக்கு வந்துவிடுவோம்.

பெரியார் நகர், சென்னை (முதல் பதிவை எழுதியவர்):

அயனாவரம் நண்பருக்கு: உங்கள் பகுதிக்கும் எங்கள் வீட்டுக்கும் தொலைவு அதிகமில்லை. அம்மா இன்னும் மதுரையில்தான் இருக்கிறார். கூடத்தில் நான்கு பேர் உட்காரும் மேசை இருக்கிறது, இன்வெர்ட்டர் இருக்கிறது, இணைப்பும் நன்றாகவே இருக்கிறது. செவ்வாய், வியாழன் இரவுகளில் பன்னிரண்டு மணி வரை நானும் எழுதிக்கொண்டுதான் இருப்பேன். உங்களைப் போல இரவுப் பணியில் இருப்பவர் வேறு யாரேனும் தெரிந்தால் அவரையும் அழைத்து வாருங்கள். இரவு பத்து மணிக்குச் சாப்பாடு. டப்பா கொண்டுவந்துவிடுங்கள், ரசம் நான் வைத்துவிடுகிறேன்.