கெப் வண்டியின் பின் டிஃபரன்ஷலில் ஊளைச் சத்தம்: ஒயிலை நானே சோதித்து மாற்றலாமா?

கேள்வி (தலவாக்கலையிலிருந்து)

வணக்கம். என்னிடம் இருப்பது 1999ஆம் ஆண்டின் டொயோட்டா ஹைலக்ஸ் டபள் கெப். டீசல் எஞ்சின், நான்கு சில்லு இழுவை உள்ளது. வாரத்தில் ஐந்து நாட்கள் சிறுதோட்டக்காரர்களின் கொழுந்தைப் பெக்டரிக்கு ஏற்றுகிறேன்; மீதி நாட்களில் லீக்ஸ், கரட் மூட்டைகளோடு நுவரெலியாவுக்குப் போய் வருகிறேன். ஒரு நடைக்கு 700, 800 கிலோ வரை இருக்கும். பாதையின் கடைசி இரண்டு கிலோமீற்றரும் தோட்டப் பாதை. இடையில் பாலம் இல்லாத ஓர் ஓடையைக் கடக்க வேண்டும். தென்மேல் பருவமழைக் காலத்தில் அங்கே தண்ணீர் அரைச் சில்லு வரை நிற்கும்.

மூன்று வாரங்களாகப் பின்பக்கத்திலிருந்து ஊளையிடுவது போன்ற ஒரு சத்தம் வருகிறது. 40 கிலோமீற்றர் வேகத்தில் காலை எக்ஸலேட்டரிலிருந்து எடுத்து இறக்கத்தில் விடும்போது தெளிவாகக் கேட்கிறது. ஏற்றத்தில் மிதிக்கும்போது குறைந்துவிடுகிறது. நான்கு மாதங்களுக்கு முன்பு ஒரு சேர்விஸ் நிலையத்தில் டிஃபரன்ஷல் (பின் அச்சின் நடுவில் உள்ள பற்சக்கரப் பெட்டி) ஒயிலும் மாற்றியதாகப் பில்லில் எழுதிப் பணம் வாங்கினார்கள். நேற்று அடியில் படுத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். ஒயில் ஊற்றும் போல்ட்டைச் சுற்றிக் காய்ந்த சேறு ஒரு வெடிப்புக்கூட இல்லாமல் இறுகிக் கிடக்கிறது. போல்ட்டின் முனைகளில் ஸ்பனர் பட்ட தடம் ஒன்றுமே இல்லை. மனம் மிகவும் நொந்துவிட்டது. இனி இந்த வேலையை என் கண் முன்னால், என் கையாலேயே செய்ய வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒயிலின் மட்டத்தை எப்படிப் பார்ப்பது, எந்த ஒயில் வாங்குவது என்று அறிய விரும்புகிறேன். எங்கள் பக்கத்துக் குளிருக்கு 90 நம்பர் மிகவும் தடிப்பு என்றும், எஞ்சினுக்கு ஊற்றும் 40 நம்பரே போதும் என்றும் கடைக்காரர் சொல்கிறார். அது சரியா? எங்கள் வீட்டின் வருமானம் இந்த ஒரு வண்டிதான் என்பதால் நிதானமாகக் கேட்கிறேன்.

பதில் (பண்டாரவளை, கராஜ் நடத்துபவர்)

தம்பி, முதலில் 40 நம்பர் எஞ்சின் ஒயிலை மறந்துவிடுங்கள். கியர் ஒயிலின் எண்களும் எஞ்சின் ஒயிலின் எண்களும் இரண்டு தனித்தனி அளவுகோல்களைச் சேர்ந்தவை. 90 என்று எழுதிய கியர் ஒயில், சூடேறிய நிலையில், 40க்கும் 50க்கும் இடைப்பட்ட எஞ்சின் ஒயிலின் தடிப்பில்தான் இருக்கும். ஆகவே 40ஐப் போல் இரண்டு மடங்கு தடிப்பு என்று எண்ணுவது பிழை. தடிப்பைவிட முக்கியமான காரணமும் உண்டு. உங்கள் அச்சின் உள்ளே பினியன் என்ற சிறிய பற்சக்கரம், பெரிய பற்சக்கரத்தின் நடுமையத்துக்குக் கீழே இறங்கி நிற்கிறது. அப்படி நிற்பதால் பற்கள் உருள்வதோடு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி உரசவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண ஒயிலின் படலம் கிழிந்துவிடும். அதைத் தாங்குவதற்கென்றே கந்தகமும் பொஸ்பரசும் சேர்ந்த மருந்துகளைக் கலந்த ஒயிலுக்குத்தான் ஜிஎல்-5 என்று பெயர். தகரத்தைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த நெடி அதனால்தான். ஜிஎல்-5 என்று எழுதிய 80டபிள்யூ-90 அல்லது 85டபிள்யூ-90 வாங்குங்கள். குளிரைப் பற்றிய கவலையும் தேவையில்லை. 85டபிள்யூ என்ற தரம் மறை 12 பாகை வரையிலான குளிருக்கு வகுக்கப்பட்டது. நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி விழும் தை மாத விடியலில்கூட நாம் அதற்குப் பக்கத்தில் போவதில்லை. இதே ஒயிலைக் கியர்பெட்டிக்கும் ஊற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கியர்பெட்டியில் உள்ள பித்தளை வளையங்களுக்கு இந்த மருந்துகள் ஆகாமல் போகலாம் என்பதால் அதற்கு வண்டியின் கைப்புத்தகம் சொல்வதை மட்டும் ஊற்ற வேண்டும்.

அடுத்தது சத்தம். மிதிக்கும்போதும் காலை எடுக்கும்போதும் மாறுகிற சத்தம் டிஃபரன்ஷலைக் காட்டும். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது கூடி மறுபக்கம் திரும்பும்போது குறைந்தால் சில்லின் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். தார் மாறும்போது சத்தமும் மாறினால் அது டயர். இதைச் சோதிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. றம்பொடை இறக்கத்திலோ உங்கள் தோட்டப் பாதையிலோ அதை ஒருபோதும் செய்யாதீர்கள். நுவரெலியாவில் கிரகரி வாவிக் கரையோரம் சமதரையான துண்டு கிடைக்கும், அதுவே போதும். காலை எடுக்கும்போது மட்டும் ஊளையிடுவது பினியன் பக்கத்தில் ஒயில் போதாமலோ, அதன் பேரிங் தளர்ந்தோ இருக்கும்போது வருவது. எதையும் கழற்றுவதற்கு முன் ஒயிலைப் பாருங்கள்.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள், பாரம் இறக்கியிருக்க வேண்டும். பின்பக்கத்தை மட்டும் ஜக்கில் தூக்கினால் மட்டம் பொய் சொல்லும். கெப்புக்கு அடியில் தூக்காமலேயே புகலாம். தூக்கியே ஆக வேண்டிய நிலை வந்தால் ஒன்றை நினைவில் வையுங்கள்: உங்கள் ஹேண்ட் பிரேக் பிடிப்பது பின் சில்லுகளை. அவை இரண்டும் தரையை விட்டு எழும்பிவிட்டால் வண்டியைப் பிடிக்க எதுவும் இல்லை. நமது மலைகளில் சமதரை என்று நாம் நினைக்கும் இடமும் சாய்வாகத்தான் இருக்கும். முன் சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை வைக்காமல், எக்சல் ஸ்டாண்ட் இல்லாமல் அடியில் போகாதீர்கள்.

பிறகு, மேலே உள்ள ஊற்றும் போல்ட்டையே முதலில் கழற்றுங்கள். கீழே உள்ளதை முதலில் திறந்து ஒயில் முழுவதும் போன பின்பு மேலே உள்ளது துருப்பிடித்து அசையவில்லை என்றால், ஒயில் இல்லாத வண்டியோடு நடுத்தோட்டத்தில் நிற்க நேரும். உங்கள் அச்சில் இரண்டும் பெரும்பாலும் 24 மில்லிமீற்றர்தான். ஆறுமுனை சொக்கெட் போடுங்கள், திறந்த ஸ்பனர் முனைகளை உருட்டிவிடும். போல்ட்டைச் சுற்றிய சேற்றைக் கம்பித் தூரிகையால் துடைத்துவிட்டுக் கழற்றிய பின், சுண்டுவிரலை உள்ளே விட்டுக் கீழே மடக்குங்கள். ஒயில் துவாரத்தின் கீழ் விளிம்போடு நிற்க வேண்டும். அரை சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கியிருந்தால் குறைவு. விரலில் வந்த ஒயிலின் நிறத்தை எங்களுக்கு எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். போல்ட் சுலபத்தில் அசையவில்லை. துருவுக்குத் தெளிக்கும் ஒயிலைத் தெளித்து ஒரு மணி நேரம் விட்ட பிறகுதான் இளகியது. விரலை முழுவதும் மடக்கியும் ஒயில் படவில்லை. ஒரு கம்பியை வளைத்து விட்டுப் பார்த்தபோது நுனியில் ஒட்டி வந்தது, அதிகம் பால் ஊற்றிய தேநீரின் நிறத்தில் இருந்தது. கீழ் போல்ட்டைத் திறந்து அளவுக் கோடு போட்ட பெயின்ட் வாளியில் பிடித்தேன். ஒன்றரை லீற்றர்கூட வரவில்லை. முதலில் இரண்டு மேசைக்கரண்டி அளவுக்கு வெறும் தண்ணீரே சொட்டியது, அதன் பின்புதான் ஒயில் வந்தது. கீழ் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒரு விரல் தடிப்புக்கு இருந்தது. பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் தேய்த்தேன். மாவு போல வழுக்கியது, ஆனால் ஊசி முனை போன்ற மூன்று துகள்கள் தோலில் குத்தின. இடது பின் சில்லின் உட்பக்கமும் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கிறது. வண்டியை ஓட்டாமல் வீட்டிலேயே நிறுத்திவிட்டேன்.

பதில் (ஹற்றன், கெப் சாரதி)

அண்ணே, அச்சின் மேல் குழாயில் சிறு தொப்பி போல ஒரு மூச்சுத் துவாரம் இருக்கும், அதைப் பாருங்கள். எனக்கும் மஸ்கெலியாப் பக்கம் இதே கதைதான் நடந்தது. சேறு அடைத்து அந்தத் தொப்பி அசையாமல் நின்றுவிட்டது.

பதில் (பண்டாரவளை)

ஹற்றன் தம்பி சொன்னதுதான் வேர். ஓட்டத்தில் அச்சு சூடேறும், உள்ளே இருக்கும் காற்று விரியும், அந்தத் தொப்பி வழியாக வெளியேறும். தொப்பி அடைத்திருந்தால் அழுத்தம், ஒயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான சீல்களின் வழியே ஒயிலைத் தள்ளும். உங்கள் இடது சில்லில் உள்ள பிசுக்கு அதுதான். சூடான அச்சோடு அதே வண்டி ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்குகிறது. மூச்சுத் துவாரம் மூடியிருப்பதால் அதே சீல்களின் உதட்டின் வழியே தண்ணீரை உள்ளே உறிஞ்சுகிறது. ஒயில் வெளியேறிய வழியாகவே தண்ணீரும் வந்திருக்கிறது என்றுதான் நான் கருதுகிறேன்.

மாவு போன்ற களிம்பு வழமையான தேய்மானம், அதற்குப் பயப்பட வேண்டாம். ஊசித் துகள்கள் மூன்று என்றால் கவனிக்க வேண்டியது. ஆனால் இப்போதைக்குப் பிரித்துப் போடும் அளவுக்கு இல்லை. உடைந்த பல்லின் துண்டு போல விளிம்பு உள்ள உலோகத் துண்டு வந்திருந்தால் மட்டும் வண்டியை அசைக்காதீர்கள் என்று சொல்லியிருப்பேன்.

மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக் கழுவ வேண்டாம்; அது பேரிங்குகளில் தங்கிவிடும். புதிய ஜிஎல்-5 ஒயிலையே ஊற்றி நூறு கிலோமீற்றர் அளவு பாரமில்லாமல் ஓடி, சூடாக இருக்கும்போதே மீண்டும் இறக்கிவிட்டு, இரண்டாம் முறை ஊற்றுவதுதான் சரி. உங்கள் அச்சுக்கு 2 லீற்றருக்கு மேல், 3 லீற்றருக்குள் பிடிக்கும். இரண்டு தடவைக்கும் சேர்த்து 6 லீற்றர் வாங்குங்கள். காலைக் குளிரில் ஒயில் கூழ் போல் நின்று பம்பில் ஏறாது, போத்தல்களைச் சுடுதண்ணீர் வாளியில் சற்று வைத்திருந்தால் இலகுவாக இறங்கும். கைப்பம்பு இல்லாவிட்டால் நான்கடி நீளமான பிளாஸ்டிக் குழாயின் ஒரு முனையைத் துவாரத்தில் விட்டு, மறுமுனையில் புனல் வைத்து, சில்லின் மேலிருந்து ஊற்றலாம். துவாரத்தின் கீழ் விளிம்பில் ஒயில் தானாக வழியத் தொடங்கும்போது நிறுத்துங்கள். கொஞ்சம் கூட இருக்கட்டும் என்று நினைத்தால் அதுவும் நுரைத்துச் சீல் வழியே வரும். இரண்டு போல்ட்டுகளுக்கும் வொஷர் புதிதாகப் போடுங்கள்; சுமார் 50 நியூட்டன் மீற்றர் இறுக்கம் போதும், நீண்ட குழாயை மாட்டித் தொங்க வேண்டாம்.

இத்தனையையும்விட எனக்குக் கவலை தருவது இடது சில்லு. அந்த ஒயில் டிரம்முக்குள் போயிருந்தால் பிரேக் ஷூவை ஊறவைத்திருக்கும். ஊறிய ஷூவைப் பெற்றோல் ஊற்றித் துடைத்து மீண்டும் போடுகிறவர்கள் உண்டு. செய்யாதீர்கள், சூடேறும்போது ஒயில் மீண்டும் கசியும். கொழுந்துப் பாரத்தோடு இறங்குகிற வண்டி அது. டிரம்மைக் கழற்றிப் பார்க்கும் வரை பாரம் ஏற்றாதீர்கள் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் (நானுஓயா)

பழைய ஒயிலைக் கானில் ஊற்றிவிடாதீர்கள். தலவாக்கலையில் கானில் விட்டதெல்லாம் கொத்மலை ஓயாவில் சேர்ந்து மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. மூடி போட்ட கேனில் பிடித்து, பழைய ஒயில் எடுக்கும் சேர்விஸ் நிலையம் ஒன்றில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

பழைய ஒயிலைக் கேனில் பிடித்து நேற்றுக் கொடுத்துவிட்டேன்.

ஐயா எழுதியது அப்படியே இருந்தது. மூச்சுத் தொப்பி களிமண்ணில் சுட்டது போல் இறுகிப் போயிருந்தது, விரலால் திருகவே முடியவில்லை. புதியதை வாங்காமல் அதன் இடத்தில் குழாய் இணைப்பு ஒன்றைப் பூட்டி, ரப்பர் குழாயைப் பாரம் ஏற்றும் பெட்டிக்கு அடியில் சேசிஸின் உயரமான இடம் வரை கொண்டுபோய் நுனியைக் கீழ் நோக்கி வளைத்துக் கட்டிவிட்டேன். ஓடைத் தண்ணீர் அந்த உயரத்துக்கு வராது. இடது டிரம்மைக் கழற்றியபோது ஷூ இரண்டும் கறுத்து ஊறியிருந்தன. அந்த வேலையை மட்டும் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்து, நான் பக்கத்தில் நின்றேன். அச்சுத் தண்டை இழுத்துப் புதிய சீல் போட்டார், இரு பக்கமும் புதிய ஷூ பூட்டினார், கழற்றிய பிரேக் குழாயை மாட்டிக் காற்றும் எடுத்தார்.

முதல் முறை ஊற்றிய ஒயில் 110 கிலோமீற்றர் ஓடிய பின் இலேசாக மங்கி வந்தது. இரண்டாம் முறை ஊற்றியதை நேற்று விரலில் தொட்டுப் பார்த்தேன், தேன் நிறத்தில் தெளிவாக இருக்கிறது. ஊளை முக்கால்வாசி போய்விட்டது; 45இல் காலை எடுக்கும்போது மட்டும் மெல்லியதாகக் கேட்கிறது. இதற்கு என்ன செய்வது?

பதில் (பண்டாரவளை)

முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, புரொப்பெலர் ஷாஃப்ட் (பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் நீண்ட தண்டு) வந்து சேரும் பினியன் ஃபிளாஞ்சை இரு கையாலும் பிடித்து முன்னும் பின்னும், மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சுற்றும் திசையில் சிறு தளர்வு இருக்கும், அது பற்களுக்கு இடையிலான இடைவெளி. முன்பின்னாகவோ மேல்கீழாகவோ அசைந்தால் பினியன் பேரிங் தேய்ந்திருக்கிறது. அப்போது அந்த நடு நட்டை நீங்களே இறுக்கிவிடாதீர்கள், பேரிங்கின் இறுக்கம் அளவு மீறி ஒரே வாரத்தில் எரிந்துவிடும். அசைவு இல்லை, சத்தமும் கூடவில்லை என்றால் ஓட்டுங்கள். கடும் பாவனைக்கு 20,000 கிலோமீற்றர் என்பது பொது வழக்கு என்றாலும், உங்கள் ஓடையை எண்ணிப் பார்த்து இந்த ஒரு தடவை 5,000இல் திறந்து காந்தத்தைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

ஆட்டிப் பார்த்தேன் ஐயா, சுற்றும் திசையைத் தவிர வேறு எந்தப் பக்கமும் அசைவு இல்லை. இன்றைய கிலோமீற்றர் அளவைப் பெயின்ட்டால் டிஃபரன்ஷல் உடம்பிலேயே எழுதிவிட்டு, மாலையில் 400 கிலோ கொழுந்தோடு பெக்டரிக்கு இறங்கினேன். பிரேக் இரு பக்கமும் சமமாகப் பிடித்தது.