வெள்ள நிவாரணத்துக்கு என்ன அனுப்பலாம்? முகாமில் இருந்தவர்கள் சொல்லுங்கள்

தாரணி:
எங்கள் ஊர்ச் சங்கத்தில் வெள்ள நிவாரணத்துக்குச் சாமான் சேர்க்கிறோம். இரண்டு நாளில் பதினெட்டுப் பெட்டி உடுப்பு வந்துவிட்டது. அம்மா வந்து பார்த்துவிட்டு, "இதில மூடி போட்ட வாளி ஒண்டாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டார். 2009இல் போர் முடிந்தபோது சனத்தை அடைத்து வைத்திருந்த வவுனியா மெனிக் பாம் முகாமில் இருந்தபோது எனக்கு நாலு வயது, எதுவும் நினைவில்லை. திரும்பக் கேட்டு அவரை அழவைக்க மனம் வரவில்லை. உண்மையில் எது உதவியது?

வவுனியன்:
அம்மா சரியாகத்தான் கேட்டிருக்கிறார் தங்கச்சி. 2009 ஆகஸ்ட் நடுவில் அங்கே ஒரு மழை பெய்தது. காடு வெட்டித் துப்புரவாக்கிய நிலம், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட சனம், தண்ணீர் ஓட வாய்க்கால் போதாது. மலசலகூடக் குழி நிரம்பி அந்தத் தண்ணீர்தான் கூடாரத்துக்குள் வந்தது. விறகு, பாய் எல்லாம் நனைந்துவிட்டது. மூடி வாளிக்குள் போட்டிருந்த அரிசியும் மாவும்தான் தப்பின, விடியும்வரை மகனை அந்த வாளிக்கு மேலேதான் இருத்தி வைத்திருந்தேன். டிசம்பர் வரை முட்கம்பிக்கு வெளியே போய் ஒன்று வாங்கி வரவும் முடியாது.

குளத்தடி:
அதற்கு முதல் வருசம் நவம்பரில் நிஷா புயல். நாங்கள் அப்போது தருமபுரம் பக்கம் இடம்பெயர்ந்து இருந்தோம், போரால் உதவி நிறுவனங்களில் பெரும்பாலானவை செப்டம்பரிலேயே வன்னியை விட்டு வெளியேற வேண்டி வந்திருந்தது. ஒரே தறப்பாளை (தார்ப்பாயை) கழற்றிக் கழற்றி அடுத்த இடத்துக்குக் கொண்டு ஓடினோம். கயிறு கட்டும் ஓட்டை கிழிந்தால், அந்த மூலையில் ஒரு கல்லை வைத்துத் தறப்பாளால் சுற்றி, கல்லுக்குக் கீழே கழுத்துப்போல் வருகிற இடத்தில் கயிறு கட்டுவோம், காற்றுக்கும் கழலாது. ஆனால் கயிறு வேண்டுமே! தறப்பாள் தருபவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

மலர்விழி:
நான் நிவாரண வேலையில் இருந்தவள். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு மலசலகூடம், இது சர்வதேச அளவுகோல். அங்கே எது குறைகிறது என்று முதலில் கிராம அலுவலரிடம் கேளுங்கள். கடை திறந்திருந்து சனம் போய்வர முடிந்தால் காசாகவே கொடுங்கள், தங்களுக்கு எது தேவை என்று அவர்களுக்குத் தெரியும். சாமான்தான் என்றால் நாப்கின், புது உள்ளாடை, டோர்ச் லைட் கட்டாயம். இருட்டில் மலசலகூடம் போகப் பயந்து மாலைக்குப் பிறகு தண்ணீரே குடிக்காமல் இருந்த பெண்களை எனக்குத் தெரியும்.

தாரணி:
நன்றி. உடுப்புச் சேர்ப்பதை நிறுத்திவிட்டோம், நாளைக்குக் கிராம அலுவலரிடம் பேசுகிறோம். அம்மாவுக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். கயிறு ஆளுக்குப் பத்து முழமாவது வேண்டுமாம், கட்டையாக வெட்டிவிடாதே என்றார்.